வெறும் மண்டபம், நிறைந்த மண்டபம்

மட்டக்களப்பின் கல்லடியிலிருந்து கல்முனை, காரைதீவு தாண்டி அக்கரைப்பற்று வரைக்கும் ஏ4 வீதியில் போனால் கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை. வாசலில் தூண்கள், உள்ளே முகம் தெரிகிற மாதிரி மினுங்கும் டைல்ஸ், இரண்டு பக்கமும் வரிசையாகக் கண்ணாடி யன்னல், மேலே தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ், காசு இருந்தால் அதற்குக் கீழே ஒரு சீலிங். படம் பிடிக்க அருமையான இடங்கள். அதே இடத்தில் ஒரு பாண்ட் வாசித்தால் எப்படிக் கேட்கும் என்று கட்டும்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. டைல்ஸும் கண்ணாடியும் பூசிய சுவரும் தங்கள்மேல் படுகிற சத்தத்தில் மிகக் கொஞ்சத்தைத்தான் விழுங்கும். மிச்சம் முழுக்கத் திரும்பி வரும்.

நான் ஓர் இசைக்குழுவுக்கு மிக்ஸிங் செய்கிறவன். மேடையில் என்னைக் காண மாட்டீர்கள். மண்டபத்தின் பின்பக்கம், சாப்பாட்டுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன மேசை போட்டிருக்கும். அதற்குப் பின்னால் நான். அந்த வழியால் போகிற எல்லோரும் ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மாப்பிள்ளையின் மாமா வருவார்: “தம்பி, பேஸ் காணாது. கொஞ்சம் கூட்டுங்க மனே.” இரண்டு நிமிடத்தில் பொம்பிளையின் பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டு வருவா: “பேசுறது ஒண்டும் கேக்குதில்ல, குறைங்க புள்ள.” இரண்டு பேரும் சொல்வது சரி. மாமா இருக்கிற இடத்தில் பேஸ் இல்லை. பெரியம்மா இருக்கிற இடத்தில் பேஸ் தவிர வேறொன்றும் இல்லை. ஏன் அப்படி, அதற்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

இப்போது எங்கள் பக்கத்தில் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிற பலரிடம் ஸ்பீக்கர் ப்ராசஸர் வந்துவிட்டது. மிக்ஸரிலிருந்து புறப்படுகிற சிக்னல் அம்ப்ளிபயருக்குப் போகுமுன் நுழைந்து வெளியேறுகிற ஒரு தட்டைப் பெட்டி. டிபிஎக்ஸ் ட்ரைவ்ராக் பிஏ2 என்றால் இரண்டு இன்புட், ஆறு அவுட்புட். பெரிங்கர் டிசிஎக்ஸ்2496 என்றால் மூன்று இன்புட், ஆறு அவுட்புட். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்பதைத்தான் அந்தப் பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள். உள்ளே நடப்பது எல்லாப் பெட்டிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: க்ரோஸோவர் (பேஸையும் மேல்ஸ்தாயியையும் தனித்தனி ஸ்பீக்கருக்குப் பிரிப்பது), ஈக்யூ (வேண்டிய அதிர்வெண்ணைக் கூட்டுவது, குறைப்பது), டிலே (சத்தத்தைச் சற்றுப் பிந்தி அனுப்புவது), லிமிட்டர் (ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுப்பது). சிலவற்றில் மேலதிகமாக ஓர் அளவீட்டு மைக்கைச் செருகிப் பட்டனை அமர்த்தினால் தானாகவே ஈக்யூ போட்டுக்கொள்ளும் வசதியும் உண்டு.

அந்தப் பட்டன்தான் எனக்குப் பிரச்சினை. பெட்டியை வாங்கியதும் எல்லோரும் முதலில் போவது அங்கேதான். பிங்க் நொய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த ஓர் இரைச்சல்) போடுவார்கள், பெட்டி கொஞ்ச நேரம் கேட்கும், திரையில் ஒரு வளைகோடு வரும், “மண்டபத்துக்கு டியூன் பண்ணியாச்சு” என்பார்கள். என் அனுபவத்தில் ப்ராசஸர் ஸ்பீக்கரைத்தான் டியூன் பண்ணும். அதை அது நன்றாகவே செய்யும். மண்டபத்தை அது தொடவே தொடாது. மண்டபத்துக்கான வேலை ஸ்பீக்கரை எங்கே வைக்கிறோம், எந்தப் பக்கம் திருப்புகிறோம், எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. அந்த வேலை லொறியிலிருந்து சாமான் இறக்கும்போதே பாதி முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும்.

கணக்குப் பிடிக்காதவர்கள் அடுத்த இரண்டு பந்தியைத் தாண்டிப் போகலாம். ஆனால் கணக்கு சின்னதுதான்.

1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. பேச்சு நின்ற பிறகும் ஐந்தரைச் செக்கன் அளவுக்குச் சத்தம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்துத் தியேட்டரிலிருந்து கதிரை மெத்தைகளை இராத்திரி இராத்திரியாகத் தூக்கிவந்து பரப்பி, ஓர் ஓர்கன் குழாயை ஊதவைத்து, ஸ்டொப்வொச்சால் அளந்து, விடியுமுன் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்றைக்கும் நாங்கள் பாவிக்கிற சூத்திரம்: மண்டபத்தின் கனவளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், சத்தம் 60 டெசிபல் விழுவதற்கு எடுக்கும் நேரம் கிடைக்கும்.

எங்கள் பக்கத்து மண்டபம் ஒன்றைக் கற்பனை செய்வோம். நீளம் 30 மீட்டர், அகலம் 15, உயரம் 6. கனவளவு 2700 கனமீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 1440 சதுர மீட்டர். திறந்த யன்னல், திரைச்சீலை எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்து நூற்றுக்கு ஆறு பங்கு உறிஞ்சும் என்று வைத்தால் 86 வரும். சூத்திரத்தில் போட்டால் 5 செக்கன். இப்போது 400 பேர் வந்து உட்காருகிறார்கள். உடுப்பும் உடம்பும் சேர்ந்து ஓர் ஆள் நடுத்தர அதிர்வெண்களில் அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உறிஞ்சுவார், 0.45 என்று வையுங்கள். 180 கூடுகிறது. மொத்தம் 266. நேரம் 1.6 செக்கனாக இறங்கிவிடும். அதே கட்டடம், அதே ஸ்பீக்கர். பின்னேரம் மூன்று மணிக்கு வெறும் மண்டபத்தில் அளந்து போட்ட ஈக்யூ, இரவு ஏழு மணிக்கு நிறைந்த மண்டபத்தில் யாருக்கு?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆட்கள் மேல்ஸ்தாயியை நன்றாக விழுங்குவார்கள், பேஸை அவ்வளவாக விழுங்க மாட்டார்கள். 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் ஆளின் உறிஞ்சல் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் கூட்டம் சேரச் சேரப் பாடகரின் குரல் காய்ந்து தெளிவாகும், பேஸ் மட்டும் பழையபடி மண்டபத்தில் உருண்டுகொண்டிருக்கும். பெரியம்மாவின் முறைப்பாடு இங்கேதான் பிறக்கிறது. கூட்டம் நிறைந்த பிறகு சப்பை, அதாவது பேஸுக்கான பெரிய பெட்டியை, இரண்டு மூன்று டெசிபல் இறக்குவது என் வழக்கம். மாமாவுக்குப் பிடிக்காது.

சரி, பெட்டியின் தானியங்கி ஈக்யூ எதை அளக்கிறது? மைக் நிற்கிற புள்ளியில், நேராக வருகிற சத்தத்தையும் சுவரில் பட்டுத் திரும்பி வருகிற சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டி அளக்கிறது. காது அப்படிக் கேட்பதில்லை. முதலில் வருகிற நேர்ச் சத்தத்தைத் தனியாகப் பிடித்து, அதை வைத்துத்தான் குரலின் தன்மையைத் தீர்மானிக்கும். மண்டபத்தின் பின்பக்கம் மைக்கை வைத்தால் மேல்ஸ்தாயி குறைந்திருப்பதாகப் பெட்டிக்குத் தோன்றும், 8 கிலோஹெர்ட்ஸ் 10 கிலோஹெர்ட்ஸைத் தூக்கிவிடும். அப்புறம் முன்வரிசையில் இருக்கிறவருக்கு ட்ரம்ஸின் ஹைஹட் காதில் ஊசி குத்தும். பேஸிலும் இதே கதை. மைக் நிற்கிற இடத்தில் இரண்டு அலைகள் மோதி 120 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால், பெட்டி அதை நிரப்பப் பார்க்கும். 8 டெசிபல் தூக்கினால் அம்ப்ளிபயருக்கு ஆறு மடங்குக்கும் மேல் வேலை. பள்ளமோ நிரம்பாது, ஏனென்றால் மோதுகிற இரண்டு அலையும் சேர்ந்தே உயரும். மைக்கை ஒரு மீட்டர் நகர்த்துங்கள், அந்தப் பள்ளம் அங்கே இருக்காது.

அதனால் நான் ஸ்பீக்கருக்கான ஈக்யூவை மண்டபத்தில் போடுவதே இல்லை. ஒரு விளையாட்டு மைதானத்தில், சுவரே இல்லாத இடத்தில், ஸ்பீக்கரிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி அளவீட்டு மைக்கைத் தரையில் படுக்க வைத்து அளப்பேன். ஸ்டாண்டில் நிறுத்தினால் தரையில் பட்டு வருகிற சத்தம் கொஞ்சம் பிந்தி வந்து அளவைக் கெடுக்கும். தரையோடு கிடந்தால் அந்தத் தொல்லை இல்லை. அங்கே கிடைப்பது அந்த ஸ்பீக்கரின் உண்மையான குணம். எங்கள் டொப் பெட்டிகளில் (சப் தவிர்ந்த, குரலும் மேல்ஸ்தாயியும் வருகிற பெட்டிகள்) 12 அங்குல ஸ்பீக்கரும் மேல்ஸ்தாயிக்கான ஹோர்னும் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடு உண்டு. அதை ஒரு தடவை வெட்டிச் சேமித்துவிட்டால் எந்த மண்டபத்துக்குப் போனாலும் அந்த வெட்டு அப்படியே இருக்கும். இதைச் செய்ய ப்ராசஸரை விட நல்ல கருவி இல்லை.

மண்டபத்துக்கு வந்தால் முதல் கேள்வி தூரம். நேர்ச் சத்தமும் சுற்றி வருகிற சத்தமும் சமமாகிற ஒரு தூரம் எல்லா மண்டபத்திலும் உண்டு. மேலே சொன்ன கற்பனை மண்டபத்தில், ஒரு சாதாரண ஹோர்ன் வைத்த டொப்புக்கு, வெறுமையாக இருக்கையில் அது ஏறக்குறைய 4 மீட்டர். நிறைந்த பிறகு 7. மண்டபத்தின் நீளமோ 30. அதாவது நான்காவது ஐந்தாவது வரிசைக்குப் பிறகு உட்கார்ந்திருக்கிற யாரும் பாண்டைக் கேட்பதில்லை, மண்டபத்தைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காக மேடைப் பக்கத்து ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினால் நேர்ச் சத்தமும் கூடும், எதிரொலியும் அதே அளவு கூடும். விளங்குகிற அளவு மாறாது.

வழி என்னவென்றால், டொப்பைத் தலைக்கு மேலே நல்ல உயரத்துக்கு ஏற்றி, மூக்கைக் கீழே சாய்த்து, ஆட்களின்மேல் விழும்படி வைப்பது. ஆட்கள்தான் அந்த மண்டபத்தில் இருக்கிற ஒரே மெத்தை. பின்சுவரையோ கண்ணாடியையோ பார்த்துக்கொண்டு நிற்கிற ஸ்பீக்கர் எங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. நீளமான மண்டபம் என்றால் பாதித் தூரத்தில் இரண்டு சின்னப் பெட்டிகளை, குறைந்த சத்தத்தில், பேஸ் வெட்டி, டிலே போட்டு வைப்பேன். எங்கள் சூட்டில், 30 பாகை செல்சியஸ் என்றால், சத்தம் செக்கனுக்கு 349 மீட்டர் போகும். புத்தகங்களில் இருக்கிற 343 என்பது 20 பாகைக்கு. 14 மீட்டர் தள்ளி வைத்த பெட்டிக்கு 40 மில்லிசெக்கன். அதற்கு மேல் இன்னுமொரு பத்து மில்லிசெக்கன் கூட்டுவேன். 1949-இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் காட்டியது இது: முதலில் வந்த சத்தத்துக்குப் பின்னால் முப்பது மில்லிசெக்கனுக்குள் இன்னொன்று வந்தால், இரண்டாவது சற்றுப் பலமாக இருந்தால்கூட, சத்தம் முதல் வந்த பக்கத்திலிருந்தே வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். பின்வரிசையில் இருக்கிறவருக்குப் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே இருக்கும், சொற்களோ பக்கத்துப் பெட்டியிலிருந்து விளங்கும். இந்தச் சின்னப் பெட்டிகளை வைத்த பிறகு பெரியம்மாக்கள் என் மேசைக்கு வருவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

இனி மாமாவின் பேஸ்.

சப் தரையில், டொப் ஸ்டாண்டில். இரண்டும் பிரிகிற இடம் எங்களுக்கு 100 ஹெர்ட்ஸ். பிரிக்கிற விதத்தில் இப்போது எல்லோரும் பாவிப்பது லிங்க்விட்ஸ்-ரைலி 24 டெசிபல் என்ற ஃபில்டர். ஹியூலெட்-பக்கார்டில் வேலை செய்த சிக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரண்டு பேரின் வேலை, 1976-இல் வெளிவந்தது. பிரிகிற புள்ளியில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் கீழே இருக்கும். ஒரே நேரத்தில் காதுக்கு வந்தால் கூடிச் சமமாகும். அந்த ‘ஒரே நேரத்தில்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் மூன்றரை மீட்டர். சப்பை மேடைக்கு முன்னால் இழுத்து வைத்து, டொப் ஒன்றரை மீட்டர் பின்னால் நின்றால், வித்தியாசம் 4.3 மில்லிசெக்கன். கிட்டத்தட்ட அரை அலை. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸ் கிட்டாரின் மேல் நோட்டுகளும் கிக் ட்ரம்மின் அடியும் விழுகிற இடம் அதுதான். அங்கே ஓட்டை விழுந்தால் மிக்ஸரில் என்னதான் கூட்டினாலும் நெஞ்சில் அடிக்காது. கீழே 50 ஹெர்ட்ஸ் மட்டும் பொமபொமவென்று கூடும்.

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு போனிலிருந்து 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போடுங்கள். ப்ராசஸரில் சப்பின் பொலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழை, தலைகீழாக்குங்கள். ஒருவர் மண்டபத்தின் நடுவில் நிற்கட்டும். முன்னால் நிற்கிற பெட்டியின் டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக, ஓர் இடத்தில் டோன் ஏறக்குறையக் காணாமல் போகும். அதுதான் சரியான டிலே. பொலாரிட்டியைத் திரும்பச் சரியாக்கினால் டோன் எழும்பி நிற்கும். கூடுகிற இடத்தைத் தேடுவதைவிட அழிகிற இடத்தைத் தேடுவது காதுக்கு இலகு. மீட்டர் டேப்பால் அளந்து போட்ட கணக்கை விட இது சில மில்லிசெக்கன் வித்தியாசமாக வரலாம், ஏனென்றால் பெட்டிகளும் ஃபில்டர்களும் தங்கள் பங்குக்கு நேரம் எடுத்துக்கொள்கின்றன. அப்போது நான் காதை நம்புவேன். ஆனால் டேப் கணக்கிலிருந்து 10 மில்லிசெக்கன் தள்ளிப் போய்விட்டால் ஒரு முழு அலை மாறிப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம். திரும்பத் தொடங்க வேண்டும்.

டிலேயைச் சரிசெய்தாலும் மாமாவுக்குப் பேஸ் போகாமல் இருக்க இன்னொரு காரணம் உண்டு. பார்க்க வடிவாக இருக்கும் என்று மேடைக்கு இடப்பக்கம் ஒரு சப், வலப்பக்கம் ஒரு சப் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். நடுக்கோட்டில் நிற்கிறவருக்கு இரண்டும் சமதூரம், பேஸ் இரட்டிக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் போனால் ஒரு சப் கிட்ட, மற்றது தூர. அந்த வித்தியாசம் 2.9 மீட்டர் ஆகிற கதிரையில் 60 ஹெர்ட்ஸ் அழிந்துபோகும். எங்கள் கல்யாண மண்டபங்களில் நடுக்கோட்டில் என்ன இருக்கிறது? பொம்பிளை மாப்பிள்ளை நடந்து வருவதற்கான பாதை, சிவப்புக் கம்பளம். கதிரை கிடையாது. மண்டபத்திலேயே திறமான பேஸ் யாருமே இல்லாத இடத்தில் போய் விழுகிறது. மாமா பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு “காணாது” என்கிறார்.

ஈக்யூவால் இதைத் தீர்க்க முடியாது. இரண்டு சப்பையும் தூக்கிவந்து மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் தீரும். பக்கத்தில் இருக்கிறவருக்கும் நடுவில் இருக்கிறவருக்கும் ஏறக்குறைய ஒரே பேஸ். ஒட்டி வைப்பதால் ஒன்றுக்கொன்று உதவி செய்து சத்தமும் கூடும். எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வரும். அலங்காரக்காரர் பூ வைக்க நினைத்த இடம் அது. வீடியோக்காரருக்குக் கறுப்புப் பெட்டி படத்தில் விழக்கூடாது. நான் கறுப்புத் துணி போர்த்து, அதன் முன்னால் பூச்சட்டி வைக்க விட்டு ஒப்பந்தம் பண்ணிக்கொள்கிறேன். பூச்சட்டியால் 60 ஹெர்ட்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

பேஸ் பற்றிச் சொல்லும்போது ஒன்று. சில ப்ராசஸர்களில் சப்ஹார்மோனிக் என்று ஒரு வசதி இருக்கும், உள்ளே வருகிற பேஸுக்குக் கீழே ஒரு ஸ்தாயி கீழான இன்னொரு பேஸைத் தானாக உண்டாக்கும். ரெக்கோர்ட் பாட்டுப் போடுகிற டீஜேக்களுக்கு விளையாட்டுச் சாமான். ஒரு பாண்ட், அதுவும் எதிரொலிக்கிற மண்டபத்தில், அதைத் திறந்தால் தபேலாவின் பாயாவும் பேஸ் கிட்டாரும் கிக்கும் ஒரே கஞ்சியாகிவிடும். எங்கள் பெட்டியில் அது எப்போதும் அணைந்தே கிடக்கும்.

லிமிட்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது கணக்கு மட்டும்தான். 8 ஓம், 400 வாட் ஸ்பீக்கர் என்றால் 400-ஐ 8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 56.6 வோல்ட். அம்ப்ளிபயர் 40 மடங்கு பெருக்குகிறதென்றால் உள்ளே 1.4 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. அங்கே லிமிட்டரை நிறுத்துங்கள். சப்புக்குக் கீழே 35, 40 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழே உள்ளதை அறுத்துவிடுவது) போட மறக்காதீர்கள். துளை வைத்த பெட்டியில், அது டியூன் ஆன இடத்துக்குக் கீழே போனால் கோன் பிடிமானம் இல்லாமல் ஆடும், சத்தம் வராது, சுருள்தான் போகும். சாப்பாடு முடிந்து பைலா தொடங்கினால் ஆட்டக்காரர்கள் மேடைக்கே வந்து பாண்டை விரட்டுவார்கள், கீபோர்ட்காரர் மாஸ்டரைத் தள்ளுவார், ட்ரம்மர் கையை ஓங்குவார். லிமிட்டர் இல்லாத சிஸ்டம் அந்த அரை மணித்தியாலத்தில்தான் எரிகிறது.

கூவுகிற மைக்கைப் பற்றிக் கேட்கிறவர்கள்தான் அதிகம். ப்ராசஸரில் இருக்கிற தானியங்கி ஃபீட்பாக் ஃபில்டர் கூவுகிற அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து ஒரு மெல்லிய வெட்டுப் போடும். நல்ல விசயம்தான், இரண்டு மூன்று வெட்டு வரைக்கும். அதன் பிறகு ஒவ்வொரு வெட்டும் பாட்டிலிருந்து எதையோ எடுக்கிறது. புல்லாங்குழலின் நீண்ட ஸ்வரத்தைக்கூடச் சில பெட்டிகள் கூவல் என்று நினைத்து வெட்டிவிடும். மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் கப்ரிஞ்ஞா ஆட்ட இசையில் வயலின் இழுக்கும்போதும் அப்படித்தான். மண்டபத்தில் சூடு ஏறும்போது சத்தத்தின் வேகமும் மாறும், கூவுகிற இடமும் கொஞ்சம் நகரும். பின்னேரம் போட்ட ஊசி முனை வெட்டு இரவில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது திறந்திருக்கிற மைக்குகளை மூடுவது. மைக்கின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் கூவாமல் கிடைக்கிற சத்தத்தில் 3 டெசிபல் போய்விடும். எட்டு மைக் சும்மா திறந்து கிடந்தால் 9 டெசிபல். அறிவிப்பாளரின் மைக், பாடாத பாடகியின் மைக், தபேலாவை எடுத்துக்கொண்டு போன பிறகும் நிற்கிற தபேலா மைக், எல்லாம் இதில் சேரும்.

இந்த வெட்டுகளுக்கு நான் மனமார நன்றி சொன்ன இடம் ஒரு கூத்து. எங்கள் கூத்து வகைகளான வடமோடி, தென்மோடி இரண்டும் வட்டக்களரியில் (வட்டமான ஆடுகளத்தில்) ஆடுகிறவை. சுற்றிவர ஆட்கள், நடுவில் ஆட்டம், கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், கூத்தர் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாடுவார். மைக் இல்லாத காலத்துக்காகவே உண்டான அமைப்பு அது. இப்போது கூட்டம் பெருத்துவிட்டது, பக்கத்து வீதியில் ஓட்டோக்கள், ஜெனரேட்டர் வேறு. மைக் வேண்டும் என்கிறார்கள். களரிக்கு மேலே மைக்குகளைத் தொங்கவிட்டால் நாலு பக்கத்து ஸ்பீக்கரும் அந்த மைக்கைத்தான் பார்க்கும். அங்கே 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு வெட்டு, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மைக்கை அறுத்துவிடுவது, ஸ்பீக்கர்களை வெளிப்பக்கம் பார்க்க வைப்பது. மத்தளம் தானாகவே கேட்கும், அதற்கு மைக் வேண்டாம். சதங்கை ஒலி கெடாமல் இருக்க மேல்ஸ்தாயியைத் தொடக்கூடாது. அண்ணாவியார் ஒருவர் என்னிடம் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது: “பெட்டிய வச்ச பிறகு பொடியன் தொண்டையத் திறந்து பாடுறான் இல்ல தம்பி. அதுக்கு உங்கட பெட்டியில பட்டன் இருக்கா?” இல்லை என்றேன்.

திறந்த வெளி இன்னும் சுலபம் என்று நினைப்பார்கள். எதிரொலி இல்லை என்பது உண்மை. ஆனால் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் விழும், கூரை திருப்பித் தராது. கோயில் திருவிழா மைதானத்தில் 40 மீட்டர் தள்ளி இரண்டாம் வரிசை ஸ்பீக்கர் வைத்தால் 115 மில்லிசெக்கன், அதற்கு மேல் பத்துப் பதினைந்து. காற்று வேறு. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது, காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறவர்களுக்குச் சத்தம் மேலே வளைந்து போய்விடும். காற்று போகிற பக்கம் கீழே வளைந்து விழும். ப்ராசஸரால் காற்றைத் திருப்ப முடியாது, அதனால் மேடை கட்டுமுன்பே கச்சான் முதுகில் படுகிற மாதிரிப் பக்கம் பார்க்கச் சொல்லுவேன். நிர்வாகசபை அதைக் கேட்டது மிகக் குறைவு. மேடையின் திசையைச் சாமிதான் தீர்மானிக்கிறது. இரவில் தரைக்குப் பக்கத்துக் காற்று குளிர்ந்து, மேலே சூடாக இருந்தால், சத்தம் கீழே வளைந்து வெகுதூரம் போகும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கோயில் பாட்டு வாவியைத் தாண்டிக் கிழக்கே எழுவான்கரையில் பக்கத்து வீட்டில் போடுகிற மாதிரிக் கேட்பது இதனால்தான். பிள்ளைகளின் சோதனைக்காலத்தில் எங்கள்மேல் முறைப்பாடு வருவதும் இதனால்தான்.

இப்போதெல்லாம் பொடியன்கள் போன் எடுத்துக் கேட்கிறார்கள்: “அண்ண, உங்கட ப்ராசஸர் செட்டிங்க அனுப்புங்க.” அனுப்புகிறேன், ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. அவர்களுடைய பெட்டியும் என்னுடையதும் ஒரே மொடல் என்றால் க்ரோஸோவர், ஸ்பீக்கர் ஈக்யூ, லிமிட்டர் மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அம்ப்ளிபயர் வேறென்றால் லிமிட்டரைத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். டிலே என்னுடையது, அவர்கள் மண்டபத்துக்கு உதவாது. இன்புட் ஈக்யூவை வெறுமையாகவே விட்டு அனுப்புவேன். “இதில ஒண்டும் இல்லையே அண்ண” என்று திரும்பவும் போன் வரும். முதல் பாட்டு முடிந்ததும் மேசையை விட்டு எழும்பி மண்டபத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து அதை நிரப்புங்கள் என்பேன், இரண்டு மூன்று வெட்டுக்கு மேல் போகாமல். மற்றபடி மீட்டர் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 30 மீட்டர் டேப், ஐந்து மீட்டர் காணாது.